இரட்டைக் கை வியூகம்

"கை என்பது மனித குலத்தின் முதல் மொழி. அதைப் படிக்கத் தெரிந்தவன் உலகத்தையே ஆள்வான்."

இடைவேளையில், சேறு அப்பிய பதினோரு பேருக்கு முன்னால் நின்று ஆலிஸ்டர் பென்ஹாலோ இப்படித்தான் ஆரம்பித்தார். ஹாக்கர்பி டவுன் கால்பந்து அணிக்கு கார்னர், ஃப்ரீ கிக் உதைகளைச் சொல்லிக்கொடுக்கிற நிபுணர் அவர். அவர் வந்து சேர்ந்த இந்த சீசனில் ஹாக்கர்பி கார்னரில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை.

"வில்ஃப் ஒரு கையைத் தூக்கினா பந்து பக்கத்துக் கோல் கம்பத்துக்கு வரும். ரெண்டு கையைத் தூக்கினா தூரத்துக் கம்பத்துக்கு. இதுல என்னய்யா குழப்பம்?"

"எத்தனை கையைத் தூக்கினா உள்ள போகும், புரொபசர்?" என்றான் பார்னி. ஆறரை அடி உயரத் தடுப்பாட்டக்காரன். வார நாட்களில் கூரைக்கு ஓடு மாட்டுகிறவன்.

எல்லோரும் சிரித்தார்கள், மேனேஜர் நெவில் கிராப்ட்ரீயைத் தவிர. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. இன்று ஜெயிக்காவிட்டால் ஹாக்கர்பி கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடும். அப்படி இறங்கினால் நீங்கள் இருவரும் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று சேர்மன் காலையிலேயே அவரிடமும் பென்ஹாலோவிடமும் சொல்லியிருந்தார்.

"அது கிடக்கட்டும். அவங்க கார்னர்ல நாம கோல் வாங்கினோமே, அது எப்படி? அதைச் சொல்லுங்க முதல்ல," என்றார் கிராப்ட்ரீ.

"ஆளைப் பிடிக்காதே, இடத்தைப் பிடின்னு சொல்லிக் கொடுத்திருக்கேன். அவனவன் அவனவன் இடத்துலதான் நின்னான். ஒரு தப்பும் நடக்கல."

அது உண்மைதான். எதிரணியின் கார்னர் வந்தபோது ஒவ்வொருவனும் தனக்கென்று ஒதுக்கிய புல்லை உயிரைக் கொடுத்துக் காவல் காத்தான். புல்லை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. பந்துதான் உள்ளே போயிற்று.

கார்னர் அடிக்கிற வில்ஃப் பெஞ்சில் காலை நீட்டி, தொடையின் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முதலுதவிக்காரி மோரீன் வலி போக்கும் ஸ்ப்ரே டப்பாவை அமுக்கினாள். அது ஒருமுறை சீறிவிட்டு அடங்கிப்போனது.

"வில்ஃப்! இங்க கவனி. நீ கையில கவனம் வை, கால் தன்னால வரும்."

"வந்தாச் சரி," என்றான் வில்ஃப்.

இரண்டாம் பாதி முழுக்க மழை. பந்தைவிடச் சேறுதான் அதிகம் பறந்தது. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் ஹாக்கர்பிக்கு ஒரு கார்னர் கிடைத்தது.

வில்ஃப் மூலைக் கொடியை நோக்கி மெல்ல நடந்தான்.

"என்ன இவன், சர்ச்சுக்குள்ள கல்யாணப் பொண்ணு நடக்கிற மாதிரி நடக்கிறான்?" என்று பல்லைக் கடித்தார் கிராப்ட்ரீ.

"பதற்றமில்லாம நடக்கிறான், நெவில். அதுக்குன்னே தனி வகுப்பு எடுத்தேன்."

வில்ஃப் ஒரு கையைத் தூக்கினான். அதைப் பார்த்துப் பக்கத்துக் கம்பத்துக்குப் போன பார்னி, பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருப்பதைக் கண்டு குனிந்தான். அதே நேரம் வில்ஃபின் இரண்டாவது கையும் மேலே போயிற்று. இரண்டு கைகளையும் கிராப்ட்ரீயும் பென்ஹாலோவும் நின்ற பக்கமாக ஆட்டி ஏதோ கத்தினான். மழையும் கூட்டத்தின் இரைச்சலும் அதை விழுங்கிவிட்டன.

பென்ஹாலோவுக்குப் புல்லரித்தது. "ரெண்டு கை! கடைசி நொடியில மாத்துறான் பாருங்க!" தானும் இரண்டு கைகளையும் தூக்கிப் பதிலுக்கு ஆட்டினார்.

ஹாக்கர்பிக்காரர்கள் தூரத்துக் கம்பத்துக்கு ஓடினார்கள். அந்தச் சங்கேதம் மாவட்டம் முழுக்கத் தெரிந்த ஒன்று என்பதால், எதிரணியும் அங்கேதான் ஓடியது. கோல்கீப்பரும் கூடவே ஓடினார்.

நடுவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். வில்ஃப் உதைத்தான். பந்து மேலே எழும்பவே இல்லை. இடுப்பு உயரத்தில், வர மனமில்லாமல் வருவதுபோல் வந்து, இன்னும் கயிறு கட்டிக்கொண்டிருந்த பார்னியின் பின்புறத்தில் பட்டு உள்ளே போயிற்று.

இறுதி விசில் ஊதியதும் கூட்டமே மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. கிராப்ட்ரீ அழுதுகொண்டே யாரோ ஒருவரைக் கட்டிப்பிடித்தார். அது எதிரணியின் மேனேஜர். சேர்மன் குடையை வீசிவிட்டு ஓடி வந்து பென்ஹாலோவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இன்னும் ரெண்டு வருஷம் நீங்கதான் இங்க! எங்கேயும் போகக் கூடாது!"

உள்ளூர்ப் பத்திரிகைக்காரி டாஃப்னி போனை நீட்டினாள். பென்ஹாலோ தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதுக்கு இரட்டைக் கை வியூகம்னு பேர். எதிரியோட கண்ணை ஒரு பக்கம் இழுத்துட்டு, மறுபக்கம் அடிக்கிறது. பல மாச ஆராய்ச்சிம்மா."

"பார்னி குனிஞ்சு நின்னாரே?"

"குனிஞ்சதும் திட்டம்தான்."

"கயிறு அவிழ்ந்ததும் திட்டம்தான்," என்றான் பார்னி, பின்புறத்தைத் தடவியபடி.

அப்போதுதான் வில்ஃப், மோரீனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்து சேர்ந்தான். பென்ஹாலோ அவனை இழுத்துப் போனுக்கு முன்னால் நிறுத்தினார். சேர்மன் இன்னும் அவருடைய மறு கையை விடவில்லை.

"சொல்லுப்பா வில்ஃப். அந்த ரெண்டாவது கையைத் தூக்கின நொடியில உன் மனசுல என்ன ஓடுச்சு? உலகம் தெரிஞ்சுக்கட்டும்."

வில்ஃப் மூச்சு வாங்கினான்.

"'தொடை பிடிச்சுக்கிச்சு, என்னை மாத்துங்க'ன்னு கத்தினேன். நீங்களும் கையைத் தூக்கி ஆட்டினீங்க."