இரண்டாவது பூ

தைத்த கவுன்களை மகளுக்குப் போட்டுப் படமெடுத்து இணையத்தில் போடுவாள் அந்தத் தையல்காரி. ஆனால் மகளின் முகத்தை மட்டும் காட்ட மாட்டாள். கண்டவன் கண்ணெல்லாம் பிள்ளைமேல் எதற்கு? முகம் எங்கே என்று போனே கண்டுபிடித்து அதன்மேல் ஒரு மஞ்சள் பூவை ஒட்டிவிடும்.

இன்று இரண்டு பூ விழுந்தது. ஒன்று மகளின் முகத்தில். மற்றது பின்னாலிருந்த வெறும் சுவரில், ஆள் உயரத்தில்.

“போனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு” என்று மறுபடி எடுத்தாள். இப்போது இரண்டாவது பூ மகளின் காதருகே இறங்கியிருந்தது.

“இந்தப் பூவை எடுத்துட்டுப் பார்க்கிறேன்” என்று அதன்மேல் விரலைக் கொண்டுபோனாள்.

மகள் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டாள்.

“வேணாம்மா. அவருக்கும் மூஞ்சி தெரியக்கூடாதாம்.”