எண்ணெய்ப் பலகை

“முதலாளின்னா தொப்பை இருக்குமாப்பா?” என்று ஞானதுரையின் மகள் ஒருநாள் கேட்டிருந்தாள். அன்றைக்குச் சிரித்து மழுப்பியவனுக்கு, இன்று அதற்கான பதில் கண்ணெதிரே பலகையில் மல்லாந்து கிடந்தது.

தொப்பையென்றால் அப்படியொரு தொப்பை. குற்றாலத்துப் பங்களாவின் பின்கட்டுக் கொட்டகையில், மேலெல்லாம் எண்ணெய் வழிய, வாய் நிறைய வெற்றிலையோடு அந்தக் கனத்த உடம்பு முனகிக்கொண்டிருந்தது. எலும்பும் தோலுமான ஒரு கிழவர் மூச்சு வாங்க அதன் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

ஞானதுரை கல்லூரியில் தாவரவியல் கற்பிப்பவன். நெற்பயிரைக் கருக்கும் நோயைப் பற்றி ஆராய ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் அவனை அழைத்திருந்தது. அங்கிருந்து ஒரு மாணவர் அவனுக்கு மாற்றாக இங்கே வருவார்.

இருவர் செலவையும் ஏற்பவர் பஞ்சாலை முதலாளி சிவசைலம். ஆராய்ச்சிக்கூடமே கட்டிக் கொடுத்தவர்; ஞானதுரை அவரை நேரில் பார்த்ததில்லை. அவருடைய கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அது இன்று கிடைக்காவிட்டால் அடுத்த வாரக் கப்பல் அவனில்லாமல் போய்விடும். ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதத்துக்குள் கிளம்பாதவர்களுக்கு அந்த இடம் கிடையாது என்று எழுதியிருந்தார்கள்.

சற்றுமுன் வாசலில் காவல்காரர் தடுத்திருந்தார். “முதலாளி பின்கட்டுல இருக்காக சார். இந்த ஒரு மணி நேரம் எங்களையே உள்ள விடமாட்டாக.” அவர் குரங்கு விரட்டத் திரும்பிய நேரம் பார்த்து ஞானதுரை நுழைந்திருந்தான்.

“வணக்கம் ஐயா. நெல் நோய் ஆராய்ச்சிக்கு ஜெர்மனி போற விஷயமா வந்திருக்கேன்.” காகிதத்தை நீட்டினான்.

கனத்த உடம்பு கையைக்கூட அசைக்கவில்லை. கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தது. “அங்கன வையும்வே.” ஞானதுரை காகிதத்தைப் பலகை ஓரத்தில் வைத்தான்.

கிழவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“நீ சோலியப் பாருலே. காலைல சோறு திங்கலியா? அழுத்திப் பிடி!”

“செரி அண்ணாச்சி,” என்று கிழவர் குனிந்துகொண்டார்.

“நெல்லுக்கு நோக்காடு வந்தா மருந்தடிக்கணும். அதுக்கு எதுக்குவே கப்பலு? வெள்ளைக்காரன் என்ன, தென்காசிக் குளத்துப் பாசனத்துலயா நெல்லு போட்டிருக்கான்?”

தொப்பை குலுங்கச் சிரித்ததில் இருமல் வந்தது. கிழவர் பதறி எழுந்து, அந்தத் தலையைத் தாங்கிச் சாய்த்து, படிக்கத்தை நீட்டினார். வெற்றிலை எச்சில் பாதி படிக்கத்திலும் பாதி கிழவர் விரல்களிலும் வழிந்தது. அவர் தம் தோள் துண்டாலேயே அந்த வாயைத் துடைத்துவிட்டார்.

ஞானதுரை முகத்தைத் திருப்பிக்கொண்டான். துப்புவதற்குக்கூட இன்னொருவன் கை வேண்டுமா? இதைத்தான் பத்திரிகையில் வள்ளல் என்று போடுகிறார்களா? ஆறு வருஷ உழைப்பு ஒருகணம் கண்முன் வந்து நின்றது. அருவருப்பு அதையும் தள்ளிவிட்டது.

காகிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டான். “வயசானவர் கையில எச்சில் துப்புற மனுஷன் தர்ற உதவி எனக்கு வேண்டாம். அந்தக் காசுல தின்னா எனக்குச் சோறு எறங்காது.” பிறகு கிழவரிடம் தணிந்த குரலில் சொன்னான்: “பெரியவரே, நீங்களும் எந்திரிச்சு வாங்க. கல்லூரித் தோட்டத்துல வேலைக்கு நான் சொல்லி வைக்கேன்.”

கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. எண்ணெய்க் கையோடு ஓடிவந்து வழிமறித்தார்.

“கோவிச்சுக்கிடாதீங்க தம்பி. இவுகளுக்குக் கையும் காலும் வெளங்காது. வாயி ஒண்ணுதான் மிச்சம், அத வச்சு வாரவுக போறவுகள எல்லாம் வம்புக்கு இழுப்பாக.” அவர் குரல் இறங்கியது. “நான் மில்லுல பொதி சுமந்த காலம். என் தலையில விழ வேண்டிய பஞ்சுப் பொதி. என்னத் தள்ளிவிட்டுட்டு, இவுக வாங்கிக்கிட்டாக. இந்தக் கோலத்த நாலு பேரு பாத்தாக் கூசுவாக. அதான் இந்நேரத்துக்கு யாரையும் விடுதது இல்ல.”

ஒரு கூலிக்காரனுக்காகத் தன் கைகாலைக் கொடுத்த முதலாளியையா இவ்வளவு பேசினோம்? ஞானதுரை பலகையருகே போய்த் தலைகுனிந்து நின்றான்.

“மன்னிச்சிருங்க முதலாளி.”

பலகையில் சிரிப்பு வெடித்தது.

“ஏலே சிவசைலம், கையத் தொடச்சிட்டு இவருக்குக் கையெழுத்தப் போடுலே!”