மூங்கில் பத்தை

சவரிநாதன் ஏமாற்றுகிறார் என்பது பிச்சமுத்துவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

பாலக்கரையில் அவர் வீட்டைத் தாண்டும்போது உள்ளே ஆர்மோனியம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தான். வாசிப்பது அவரேதான். வலது கை விரல் ஐந்தும் ஓடின. மணிக்கட்டில் வைத்துக் கட்டும் மூங்கில் பத்தை ஆணியில் தொங்கியது.

திங்கட்கிழமை ஆபீஸில், பத்தை மறுபடி மணிக்கட்டில் இருந்தது.

அந்தச் சுருட்டுக் கம்பெனியில் சவரிநாதன் இருபது வருஷமாக டைப்பிஸ்ட். வலது கை மரத்துப்போய், தூக்கத்தில் எழுந்து கையை உதற ஆரம்பித்தார்.

"கத்தி வைக்க வேண்டாம்" என்றார் வெள்ளைக்கார டாக்டர். "மணிக்கட்டு மடங்காமல் பத்தை வைத்துக் கட்டும். தினம் வெந்நீரில் கையை வையும். ஆறு வாரம் மெஷினைத் தொடக்கூடாது."

அவர் கை குணமாகும்வரை டைப் அடிக்க, பி.ஏ. முடித்த பிச்சமுத்துவை வைத்தார்கள். சவரிநாதன் பக்கத்தில் உட்கார்ந்து கடிதங்களைச் சரிபார்ப்பார்.

இது ஒன்பதாவது வாரம்.

"கையைக் கட்டிக்கிட்டே சம்பளம் வாங்குறாரு" என்பான் பியூன் செல்லக்கண்ணு. "கொடுத்து வெச்ச மனுஷன்!"

சொன்னால் பிச்சமுத்துவின் வேலை போய்விடும். உப்பிலியபுரத்தில், "பி.ஏ. படிச்சும் சும்மாத்தானா?" என்று ஊரார் அப்பாவைக் கேட்பதை நிறுத்தியே இரண்டு மாதம்தான் ஆகிறது. சொல்லாவிட்டால், அந்தப் பொய்யில் தனக்கும் பங்கு.

மானேஜர் சௌரிராஜன் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டான்.

அவர் சவரிநாதனைக் கூப்பிட்டார்.

"ஓய், உம்ம கை குணமாயிடுத்தாமே?"

சவரிநாதன் பத்தையை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். "ஆமாங்க."

"ஆர்மோனியத்தைத் தொடாதேயும்னு சொன்னேனா இல்லையா?"

பிச்சமுத்து விழித்தான்.

"மூணு வாரம் முந்தியே சரியாயிடுச்சு, தம்பி" என்றார் சவரிநாதன். "அய்யாகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். ஒண்ணாம் தேதி குமாஸ்தா நல்லதம்பி வேலையை விட்டு நின்னுக்கறார். அந்த இடம் உங்களுக்கு. அதுவரைக்கும் உங்களை வெச்சுக்க முதலாளிகிட்ட சொல்ல ஒரு காரணம் வேணுமில்லே?"

"அதை நீயே வந்து கெடுத்துட்டே" என்றார் சௌரிராஜன். "கதவு வேற திறந்திருக்கு. செல்லக்கண்ணு காதிலே விழுந்தாச்சு, முதலாளி வரைக்கும் போயிடும். பத்தை இனிமே இவர் கையிலே நிக்காது."

"நான் ஊருக்குப் போயிடறேன், சார்."

சௌரிராஜன் பத்தையை எடுத்துத் தன் வலது மணிக்கட்டில் வைத்தார்.

"எனக்கும் நேத்திலேருந்து விரல் மரத்துப்போறது. ஒண்ணாம் தேதி வரைக்கும் என் கடிதமெல்லாம் நீதான் எழுதணும். ஏம்ப்பா, பார்த்துண்டு நிக்கறே? இறுக்கிக் கட்டு."