கட்டக்கூடாத கட்டு

"எனக்கென்ன பாம்பே கடிச்சது? எதுக்குக் கையைக் கட்டுறியள்?"

ஒப்பரேசன் கட்டிலில் கிடந்தபடி ஞானேஸ்வரி போட்ட சத்தத்தில் நேர்ஸ்மார் திரும்பிப் பார்த்தார்கள்.

மயக்க மருந்து டொக்டர் வாயே திறக்கவில்லை. அவளின் கையில் ரப்பர் பட்டியை இறுக்கினார். குத்தியிருந்த குழாய்க்குள் ஏதோ மருந்தை ஏற்றினார். பிறகு சும்மா நின்றார்.

அவளுக்குப் பத்திக்கொண்டு வந்தது. வராமல் என்ன செய்யும்? போன வருசம் ஒட்டுசுட்டான் வயலில் தன் மனுசனைப் பாம்பு கொத்தினபோது, துவாயால் காலை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடிவந்தவள். "கட்டக்கூடாதெண்டு எத்தினை தரம் சொல்லுறது?" என்று இதே ஆஸ்பத்திரியில்தான் வாங்கிக் கட்டினாள்.

"நாங்கள் கட்டினால் பிழை, நீங்கள் கட்டினால் சரியோ டொக்டர்?"

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா."

பொறுக்கிறதோ! முந்தி அப்பெண்டிக்ஸ் ஒப்பரேசனுக்கு மயக்கினபோது, அந்த வெள்ளை மருந்து நரம்புக்குள்ளால் நெருப்பாய் ஏறினதை அவள் இன்னும் மறக்கவில்லை. அந்தப் பயத்திலேயே பித்தப்பைக் கல்லோடு இவ்வளவு நாளும் உருண்டு புரண்டாள். வயிறு வெட்டப் பயமில்லையாம், கை எரியத்தான் பயமாம் என்று சனம் சிரித்தது.

போன மாதம் கிளினிக்கில் இதே டொக்டரைப் பிடித்துக் கிழி கிழியென்று கிழித்தாள். "படுத்துக் கிடக்கிறவைக்குத்தான் எரிவு தெரியும். ஊசி பிடிக்கிற உங்களுக்கென்ன?"

டொக்டர் குனிந்த தலை நிமிரவில்லை. ஒரு சொல் காதில் விழுத்தினால்தானே!

டொக்டர் இப்போது பட்டியைத் தளர்த்தினார். பால் மாதிரி வெள்ளை மருந்தை எடுத்தார். அதேதான்! ஞானேஸ்வரி கண்ணை இறுக மூடிப் பல்லைக் கடித்தாள்.

எரிவு வரவில்லை.

"எப்பதான் போடப்போறியள்?" என்று சீறிக்கொண்டு கண்ணைத் திறந்தாள்.

"ஒப்பரேசன் முடிஞ்சு வார்ட்டுக்கும் வந்திட்டியள் அம்மா." நேர்ஸ் பிள்ளை சிரித்தாள். "டொக்டர் முதல் போட்டது கை விறைக்கிற மருந்து. அது ஓடிப்போகாமல் கைக்குள்ளயே கொஞ்சம் நிக்கோணும். அதுக்குத்தான் கட்டினவர். எரிஞ்சதே?"

"இல்லைப் பிள்ளை." அவளுக்குக் கண் கலங்கியது. கோபம் மட்டும் போகவில்லை. "இதை வாய் திறந்து சொன்னால் அவருக்கு முத்தே கொட்டிப்போடும்?"

நேர்ஸ் அங்கால் போனாள். பக்கத்துக் கட்டிலில் நாளைய ஒப்பரேசனுக்குக் காத்திருந்த அனோஜா குமுறினாள்.

"உங்களுக்கும் கட்டினவரோ அன்ரி? முந்தி இப்பிடி இல்லையாம். போன மாதம் கிளினிக்கில ஆரோ ஒரு மனுசி கை எரியுதெண்டு டொக்டரை ஏசினதாம். அண்டையில இருந்து எல்லாருக்கும் கட்டிப்போட்டுத்தானாம் ஊசி. ஆர் அன்ரி அந்த விசரி?"

ஞானேஸ்வரி எரியாத கையை ஒருக்கால் தடவிப் பார்த்தாள்.

"அந்த விசரி நான்தான் பிள்ளை. நீ பயப்பிடாமல் கையை நீட்டு."