பத்ரிக்குப் போகிற வண்டி

"நூத்தி எழுவது கிலோ கூட இருக்கு சார்." எடை மேடை அறையிலிருந்து சீட்டோடு வந்தார் மெக்கானிக் ஜேசுபாதம்.

தூத்துக்குடி துறைமுகச் சாலை. உப்பு லாரிகள் வரிசையில் காத்திருக்க, அந்தக் காரும் அதன் பின்னால் பூட்டியிருந்த வெள்ளை வீட்டு வண்டியும் மேடையை அடைத்துக்கொண்டு நின்றன. முன்சீட்டில் மகன் வேதாந்த், பக்கத்தில் மருமகள் பூமா. பின்சீட்டில் நோட்டும் பென்சிலுமாக மதுசூதனன். இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

பத்ரிக்குப் போகவேண்டும் என்பது அவருடைய நாற்பது வருஷத்து ஆசை. மனைவி பத்மஜா இருந்தவரை லீவு கிடைக்கவில்லை. லீவு கிடைத்தபோது அவள் இல்லை.

முட்டி வலியோடு ஊருக்கு ஊர் லாட்ஜ் மாடி ஏற முடியாது. அதனால் தென்திருப்பேரை வீட்டை விற்று, படுக்கையும் சமையல் மேடையும் உள்ள இந்த இழுவை வண்டியை வாங்கினார். போன வெள்ளிக்கிழமை வீட்டுச் சாவியையும் கொடுத்தாயிற்று.

காரைத் தயார் செய்ய ஜேசுபாதத்தின் பட்டறையில் ஒன்பது நாள் ஆனது. அடிச்சட்டத்தோடு சேர்த்துக் கொக்கி. கொக்கி விட்டாலும் தாங்கும்படி குறுக்காக இரண்டு சங்கிலி. வண்டிக்குத் தனி பிரேக், அதற்கு ஒயர், பின்னால் வருவது தெரிய நீளக் கண்ணாடி. ஒவ்வொன்றையும் மதுசூதனன் வலிக்கிற முட்டியை மடக்கிக் குனிந்து பார்த்தார்.

"கனம் பின்னால ஏறிச்சின்னா வண்டி வாலாட்டும் சார். இங்கன, அச்சுக்கு மேலதான் பாரம் நிக்கணும்," என்றார் ஜேசுபாதம்.

"எங்க நிக்கறதுங்கறது அப்புறம். காரும் வண்டியும் சேர்ந்து கம்பெனி சொன்ன எடைக்கு மேல ஒரு கிலோ போகப்படாது. மலையில எறங்கறச்சே பிரேக் பிடிக்கணுமோல்லியோ?"

"அந்தக் கணக்குல நாமளும் சேர்த்தியா மாமா?" என்று கேட்டாள் பூமா.

"பின்னே? ஏறி உக்காந்தா நாமளும் பாரம்தான்," என்று சிரித்தவர், மூன்று பேருடைய எடையையும் நோட்டில் குறித்துக்கொண்டார். இன்றைக்கும் மூவரும் உள்ளே உட்கார்ந்தபடிதான் எடை போடவேண்டும் என்று சொல்லியிருந்தார்.

இப்போது ஒவ்வொன்றாக இறங்கியது. முதலில் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டார் ஜேசுபாதம். பிறகு மதுசூதனனின் புத்தகப் பெட்டி. சாய்வு நாற்காலி. பத்மஜா புழங்கிய வெண்கல உருளி வெளியே வந்தபோது மட்டும், "பார்த்து, பார்த்து," என்றார்.

"மேல இருக்கிற ஏசிய கழட்டிட்டா பாதி வேலை முடிஞ்சிரும்," என்றார் ஜேசுபாதம்.

"நாக்பூர் வெயில்ல ஏசி இல்லாம எப்படிப் படுக்கறது?" என்றாள் பூமா.

"இருக்கட்டும். அவா ரெண்டு பேரும் பட்டணத்து ஏசியில இருந்தவா," என்றார் மதுசூதனன்.

மறுபடி எடை போட்டார்கள். "இன்னும் அம்பத்தஞ்சு கிலோ சார்."

பின்னால் லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார். "இன்னிக்குக் கிளம்பியாகணும்ப்பா. லீவு ஆரம்பிச்சாச்சு," என்றான் வேதாந்த்.

"என் மெத்தையை எறக்கிடு. நான் தரையில படுத்துக்கறேன்."

"அது எட்டு கிலோ கூட வராது."

"கம்பளியும் வேண்டாம். குளிர் எனக்கு ஒண்ணும் பண்ணாது."

வேதாந்த் பின்னால் திரும்பிக் கையை நீட்டினான். மதுசூதனன் ஆசையாக நோட்டைக் கொடுத்தார். பிள்ளை ஏதாவது வழி கண்டுபிடித்துவிடுவான். சின்ன வயதில் அவருடைய கணக்கில் தப்புக் கண்டுபிடித்தவன் அவன் ஒருவன்தான்.

வேதாந்த் பக்கம் பக்கமாகப் புரட்டினான். ஒரு பக்கத்தில் விரலை நிறுத்திப் பூமாவிடம் காட்டினான். அவள் படித்துவிட்டு, உப்பளத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டக் என்று பின்கதவின் பூட்டு விடுபட்டது. மதுசூதனன் கதவைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

வேதாந்த் திரும்பாமல், முன்னாலிருந்த கண்ணாடியில் அவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"அப்பா, நீங்க அம்பத்தாறு கிலோதானே?"