அடுப்பு உண்டு, வீடு உண்டா?

அடுப்பின் புகைக்குழாயைத் தலைகீழாக மாட்டியது ஆர்விட்தான். அதனால் இணைப்பு வழியாகக் கரும்பிசின் கசிந்து, லவோன் மேசையில் விரித்து வைத்திருந்த வருமான வரித் தாளில் சொட்டியது. ஆயுள் முழுக்க மினசோட்டாவின் சாலைகளில் பனி வாரும் வண்டி ஓட்டியவருக்கு ஒரு குழாயில் மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை.

"இது நீ கையெழுத்துப் போட வேண்டிய இடம்," என்றாள் லவோன், தாளைத் துடைத்துக்கொண்டே.

"அப்ப போட்டாச்சுன்னு வச்சுக்க."

லவோன் சிரிக்கவில்லை. அவள் ஆர்விட்டின் மனைவி யோர்டிஸின் தங்கை. ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் வரிக்கணக்கு எழுதித் தருவாள். எல்லோரும் அவள் வீட்டுக்குத்தான் போக வேண்டும். இந்த வருடம் ஆர்விட்டுக்காக மட்டும் அவளே தாள்களைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். வண்டியை எங்கோ தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்தே வந்திருந்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

"காப்பி குடிக்கிறியா?"

"வேணாம், உனக்கு எதுக்குச் சிரமம்."

"கொஞ்சமா?"

"இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்."

"அரைக் கப்பு. சும்மா சூடா."

"சரி, அரைக் கப்புன்னா குடு."

அந்த ஊர் வழக்கம் அது. நேராக ஆமென்றோ இல்லையென்றோ சொல்வது, சட்டை போடாமல் சர்ச்சுக்குப் போவது மாதிரி. யோர்டிஸை அடக்கம் செய்த அன்று எப்படியிருக்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆர்விட்டும் "மோசமில்லை" என்றுதான் பதில் சொன்னார். பொய்யும் இல்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போனால், கால் இருப்பது தெரியும், ஆனால் நம்முடையது மாதிரி இருக்காது. அவருக்கு முழு ஆளும் அப்படி ஆகியிருந்தது.

ஊருக்குள் இருக்கும் வீட்டில் கதவுக்குப் பின்னால் யோர்டிஸின் கோட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறக்கும்போதெல்லாம் அது லேசாக ஆடும். கழற்றி மடித்து வைக்கலாம். அதற்குப் பதிலாக அவர் கிறிஸ்துமஸுக்கு முன்பே இங்கே வந்துவிட்டார். மீன் பிடிக்க வந்தால் தங்குவதற்கென்று அவரே பலகை அடித்துக் கட்டிய குடில் இது. புதிதாக ஒரு விறகு அடுப்பு வாங்கிப் பொருத்தினார். இதுவரை ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்தவர்களும் போன வாரம் காலி செய்துவிட்டார்கள். அமைதி அவருக்குப் பிடித்திருந்தது.

லவோன் பேனாவை எடுத்தாள். "விறகு அடுப்புக்கு வரிச்சலுகை வேணும்னா அதோட திறன் எழுபத்தஞ்சு சதவீதமாவது இருக்கணும்."

"எழுபத்தேழு. என்னோடதைவிட ரெண்டு மடங்கு."

"அடுப்பு இருக்கிற இடம் நீ குடியிருக்கிற வீடா இருக்கணும். படுக்க இடம்?"

அவர் சுவரோடு சேர்ந்த கட்டிலைக் காட்டினார்.

"சமையல்?"

"கேஸ்ல ரெண்டு பர்னர். ஒண்ணு எரியாது. நான் ஒரு ஆளுதானே."

"கழிப்பறை?"

அவர் திரையை விலக்கினார். மூடி போட்ட ஒரு வாளி, அதன்மேல் இருக்கை. "மூடியிருக்கு, மறைப்பு இருக்கு. கவர்மெண்டு இதுக்கு மேல எட்டிப் பாக்காது."

"தண்ணி?"

"கொள்ளை கொள்ளையா இருக்கு. காலுக்கு அடியிலயே."

அப்போது தரைக்குக் கீழே எதுவோ நீளமாக முனகியது. லவோனின் காப்பி கப்பில் வட்டம் வட்டமாக அலை எழுந்து அடங்கியது. அவள் மேசையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதே," என்றார் ஆர்விட். "முன்ன ராத்திரியில மட்டும் கேக்கும். இப்ப பகல்லயும் கேக்குது. பேச்சுத் துணைதான்."

லவோன் எதுவும் எழுதவில்லை.

"பணம்கூட வேணாம் லவோன். வர்ற தொகையை நீயே வச்சுக்க. இதுதான் என் வீடுன்னு கவர்மெண்டே ஒத்துக்கிட்டா, அந்த வீட்டுக்குத் திரும்பிப் போன்னு யாரும் சொல்ல முடியாது பாரு. அதுக்குத்தான்." தன் குரல் வேறு யாருடையதோ மாதிரி அவருக்குக் கேட்டது. "சொல்லு. எனக்குக் கிடைக்குமா, கிடைக்காதா?"

"அது ஒரு மாதிரியான கேள்வி."

"எந்த மாதிரி?"

"அடுப்பு நல்ல அடுப்பு. அதுல குறையே சொல்ல முடியாது."

"நான் அடுப்பைப் பத்திக் கேக்கலை."

"சில பேரு சரிம்பாங்க. சில பேரு யோசிப்பாங்க."

"நீ என்ன சொல்றே?"

லவோன் பேனாவை மூடினாள். தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தாள். அடுப்போரம் காய்ந்துகொண்டிருந்த அவருடைய பூட்ஸை எடுத்து வந்து, அவர் காலடியில் ஜோடியாக வைத்தாள். பிறகு அந்த ஊரில் யாரும் யாரையும் பார்க்காத விதமாக, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கிடைக்காது. இது வீடு இல்ல."

ஆர்விட்டுக்கு ஏனோ சிரிப்பு வந்தது. "கட்டில் இருக்கு, அடுப்பு இருக்கு, ஆளு இருக்கேன். இதுக்கு மேல ஒரு வீட்டுக்கு என்னதான் வேணும்?"

"தரை வேணும் ஆர்விட். இது உறைஞ்ச ஏரி, உருக ஆரம்பிச்சிருச்சு."