துப்பிய இறால்

ரோசலின் வளர்த்த உப்புத்தண்ணீர் மீன்தொட்டியில், அழுகும் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் ஏறிக்கொண்டே போனது. பவளம் வாடியது. அவளும் தண்ணீரை மாற்றிப் பார்த்தாள், தீனியைக் குறைத்துப் பார்த்தாள். ஒன்றும் சரிப்படவில்லை.

வடிகட்டிக்குள் இருந்த ஸ்பாஞ்சுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "எல்லாம் உன்னாலதான்," என்றது கோமாளி மீனிடம். "தின்னுறது பாதி, சிந்துறது பாதி. போன கிறிஸ்துமஸுக்கு நீ துப்பின இறாலை இன்னும் பத்திரமா வச்சிருக்கேன்."

"அதை எதுக்கு இன்னும் வச்சிருக்கே?"

"நாளைக்கு நீ துப்பவே இல்லைன்னு சொன்னா, எடுத்துக் காட்ட வேண்டாமா?"

அதற்குள் ரோசலினின் கை உள்ளே வந்து ஸ்பாஞ்சை எடுத்தது. வாளியில் வைத்துப் பிழிந்தாள். கறுப்பாக வழிந்த அழுக்கின் நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இதுல என்னோடது ஒரு துளிகூட இல்லை," என்று பிழியப் பிழியக் கத்தியது ஸ்பாஞ்ச். "அத்தனையும் அவனோடது."

அந்த வாரமே நைட்ரேட் இறங்கியது. பவளம் விரிந்தது. அலசி மாட்டிய ஸ்பாஞ்சின் பக்கம் சின்ன இறால் துணுக்கு ஒன்று மிதந்து வந்தது.

அதை இறுகப் பிடித்துக்கொண்டு ஸ்பாஞ்ச் சொன்னது: "ஆரம்பிச்சிட்டான்."